குளிர்ந்த மலை இருக்க, அணுமின் நிலையம் ஏன் கடற்கரைக்குப் போகிறது?

கேள்வி: நான் கோத்தகிரியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் மின்னுற்பத்தி பற்றி ஒரு விவாதம் நடத்தவிருக்கிறார்கள். குளிர்விப்புதான் அணுமின்சாரத்தின் பெரிய சிக்கல் என்றால், வெயில் கொளுத்தும் கூடங்குளத்தையும் கல்பாக்கத்தையும் விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் குளிராகவும் அணைகள் நிறைந்ததாகவும் இருக்கிற நீலகிரியில் அணுமின் நிலையத்தை ஏன் அமைக்கக் கூடாது, கர்நாடகத்தின் கைகா மேற்குத் தொடர்ச்சி மலையில்தானே இருக்கிறது என்று ஓர் அணி கேட்கிறது. அனல் மின்நிலையத்துக்கும் இதே தண்ணீர் வேண்டும், அப்படியிருக்க அணுமின்சாரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமா என்று மற்றோர் அணி கேட்கிறது. இரண்டுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?
– ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

மின்நிலையங்களின் குளிர்விப்பு அமைப்புகளிலேயே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, பதினொன்றாம் வகுப்பில் இப்படிக் கேட்கும் பிள்ளைகள் இருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. முதல் அணிக்கான பதிலைச் சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். அணுமின் நிலையத்துக்குக் குளிர்ச்சி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் அது ஓடும். ஆனால் ஒரு நாளும் நிற்காத தண்ணீர் வரத்து இல்லாமல் அதனால் ஓடவும் முடியாது, பாதுகாப்பாக நிற்கவும் முடியாது. இந்தக் கடைசிச் சொற்களில்தான் மற்ற மின்நிலையங்களுக்கும் இதற்குமான உண்மையான வேறுபாடு இருக்கிறது.

கூடங்குளத்தில் ஓடும் ஒவ்வோர் உலையும் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி, அதிலிருந்து 1000 மெகாவாட் மின்சாரத்தைத் தருகிறது. மீதி 2000 மெகாவாட் வெப்பம் வெளியேற்றப்பட்டாக வேண்டும். இதைப் பொறியாளர்களின் திறமைக் குறைவு என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. உலைக்குள் இருக்கும் தண்ணீர் 320 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டிலும் அது கொதித்துவிடாமல் இருக்க, காற்றழுத்தத்தைப் போல் சுமார் 155 மடங்கு அழுத்தத்தில் அதை அடைத்து வைக்கிறார்கள். எரிபொருளைப் போர்த்தியிருக்கும் சிர்கோனியக் குழாய்களின் தாங்குதிறனும் ஓர் எல்லை விதிப்பதால், டர்பைனுக்குப் போகும் நீராவி 280 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. புதிய நிலக்கரி நிலையங்களிலோ நீராவி 565 முதல் 600 டிகிரி வரை போகிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் வரும் கார்னோ விதியை நீங்கள் இன்னும் நடத்தியிருக்காவிட்டாலும், இங்கே அதைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிடலாம்: நீராவியின் சூட்டுக்கும் குளிர்விக்கும் நீரின் சூட்டுக்கும் இடையே உள்ள இறக்கம் குறைந்தால், அந்த இறக்கத்திலிருந்து எடுக்கக்கூடிய வேலையும் குறையும். ஆகவே இன்றைய அணுமின் நிலையங்கள் ஏறத்தாழ 33 விழுக்காட்டிலும், நல்ல நிலக்கரி நிலையங்கள் 40 விழுக்காட்டை ஒட்டியும், எரிவாயு டர்பைனின் சூடான புகையைக் கொண்டே நீராவி டர்பைனையும் ஓட்டும் எரிவாயு கூட்டுச் சுழற்சி நிலையங்கள் 55 விழுக்காட்டுக்கு மேலும் நிற்கின்றன.

மீதி வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நிலக்கரி நிலையத்தில் ஒரு பகுதி வெப்பம் புகையோடு சேர்ந்து புகைபோக்கி வழியாகப் போய்விடுகிறது. அணு உலையில் எரிதல் இல்லை, புகை இல்லை, ஆகவே அந்த வழியும் இல்லை. கிட்டத்தட்ட மொத்தக் கழிவு வெப்பமும், நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சர் வழியாகத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். தோராயமாகக் கணக்கிட்டால், 1000 மெகாவாட் மின்சாரத்துக்கு நல்ல நிலக்கரி நிலையத்தின் கண்டென்சர் 1200 மெகாவாட்டை ஒட்டிய வெப்பத்தை வாங்குகிறது, அணுமின் நிலையத்தின் கண்டென்சர் 2000 மெகாவாட்டை வாங்குகிறது. எரிவாயு கூட்டுச் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மட்டுமே நீராவி டர்பைனிலிருந்து வருவதால், அங்கே இந்தச் சுமை மிகவும் குறைவு.

கண்டென்சர் என்பது டர்பைனுக்கு அடியில் ஒரு வீட்டளவு இருக்கும் இரும்புக் கூடு. அதற்குள் விரல் தடிமனில் பல்லாயிரம் குழாய்கள் வரிசையாகச் செல்லும். கடல்நீர் ஓடும் இடங்களில் அரிப்பைத் தாங்குவதற்காக டைட்டேனியக் குழாய்களைப் போடுவார்கள். குழாய்க்குள் குளிர்ந்த நீர் ஓடும், வெளியே நீராவி படிந்து நீராகும். அந்தக் கூட்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் அளவைகளில் இந்த வெற்றிடமும் ஒன்று. குளிர்நீர் கொஞ்சம் சூடானாலும், குழாயில் பாசி கொஞ்சம் படிந்தாலும், அந்த முள் நகர்வதும் மின்னுற்பத்தி இறங்குவதும் சேர்ந்தே நடக்கும்.

இந்த 2000 மெகாவாட்டை ஒருமுறை ஓடிச் செல்லும் நீரில் ஏற்றினால், கடலோர அனல் நிலையங்களுக்கு நம் நாட்டில் விதிக்கப்பட்டிருக்கும் 7 டிகிரி உயர்வு என்ற வரம்பை வைத்துப் பார்க்கையில், ஓர் உலைக்கு விநாடிக்கு கிட்டத்தட்ட 70,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் மாணவர்களே கரும்பலகையில் போட்டுவிடலாம். தண்ணீரின் தன்வெப்பம் தெரிந்தால் போதும். இவ்வளவு நீரை ஆண்டு முழுவதும் தரக்கூடிய ஆறு தமிழ்நாட்டில் இல்லை. கடல்தான் இருக்கிறது. கூடங்குளமும் கல்பாக்கமும் கடற்கரையில் அமைந்ததற்கு முதன்மையான காரணம் இதுதான்.

குளிர்கோபுரம் கட்டினால் இவ்வளவு நீர் ஓட வேண்டியதில்லை. அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றிவரும், ஆவியாகும் பங்கை மட்டும் ஈடுசெய்தால் போதும். அப்போது ஒரு யூனிட் அணுமின்சாரத்துக்குச் சுமார் இரண்டரை லிட்டர் நீர் ஆவியாகிறது. பழைய வகை நிலக்கரி நிலையமும் ஏறத்தாழ இதே அளவு நீரைத்தான் இழக்கிறது. எரிவாயு கூட்டுச் சுழற்சிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. எனவே உங்கள் இரண்டாவது அணி கேட்பதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறை அனல் நிலையங்களையும் முடக்கியிருக்கிறது. 2016 மார்ச்சில் கங்கைக் கால்வாயில் நீர்மட்டம் இறங்கியபோது மேற்கு வங்கத்தின் ஃபராக்கா அனல் நிலையத்தில் பெரும்பாலான அலகுகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆவியாகும் நீரை மட்டும் காட்டி அணுமின்சாரத்தைக் குற்றம் சொல்பவர், அதே மூச்சில் நிலக்கரியையும் சொல்லியாக வேண்டும்.

இனி நீலகிரிக்கு வருவோம். மலையின் குளிர் பயன்படாது என்று நான் சொல்லமாட்டேன். குளிர்நீர் 10 டிகிரி தணிந்திருந்தால், கார்னோ கணக்குப்படி அதிகபட்சம் 4 விழுக்காடு மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். இந்த ஆதாயத்துக்காகச் செலுத்த வேண்டிய விலையைப் பார்க்க வேண்டும். குளிர்கோபுரத்தோடு 1000 மெகாவாட் உலை ஒன்று ஒரு நாள் முழுவதும் ஓடினால் 6 கோடி லிட்டர் நீர் ஆவியாகும். ஆண்டுக் கணக்கில் அது முக்கால் டி.எம்.சி.யை ஒட்டி வரும். பவானிசாகரின் 32.8 டி.எம்.சி. கொள்ளளவோடு வைத்துப் பார்த்தால் இது மலைக்க வைக்கும் எண் அன்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நீர் எப்போது தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும்; அதே மலையில் பிப்ரவரி முதல் மே வரை ஓடைகள் எப்படி இளைத்துப் போகின்றன என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர முடியும். உலை ஆகஸ்டில் கேட்கும் அதே நீரை ஏப்ரலிலும் கேட்கும். அதோடு, இந்த மலையில் இப்போது மின்சாரம் தரும் நீர் வீணாவதில்லை. ஒரே நீர் குந்தா, கெத்தை, பரளி என்று நிலையம் நிலையமாக இறங்கி, பில்லூரில் கோவை மக்களின் குடிநீராகி, மீதி பவானிசாகருக்குப் போய்க் கோபிச்செட்டிபாளையத்து வயலில் பாய்கிறது. கோபுரத்தில் ஆவியான நீரோ கீழே இருப்பவர்களுக்குத் திரும்பி வராது.

தண்ணீரே வேண்டாம், விசிறி வைத்துக் குளிர்காற்றாலேயே குளிர்விக்கலாமே என்று ஒரு புத்திசாலி மாணவர் கட்டாயம் கேட்பார். உதகை கடல்மட்டத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியதுதான். காற்று குளிர்ந்திருந்தாலும் மெலிந்திருக்கிறது. ஒரு கன மீட்டரில் கடற்கரைக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றே இருக்கிறது, ஆகவே அது சுமந்துசெல்லும் வெப்பமும் குறைகிறது. பம்புக்கும் இதே சங்கடம் உண்டு. கடலோரத்தில் ஒரு பம்ப் கொள்கையளவில் பத்து மீட்டருக்குச் சற்று மேல் வரை நீரை உறிஞ்சலாம். உதகையில் எட்டு மீட்டரைக்கூட எட்டாது. ஓடையில் மோட்டார் வைத்துக் கேரட் தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்கள் இதைப் புத்தகம் படிக்காமலேயே அறிந்திருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலையம் ஓடும்போது உள்ள கணக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது அது நின்ற பிறகு உள்ள கணக்கு. நிலக்கரி நிலையத்தில் நிலக்கரி வரத்தை நிறுத்தினால் கொதிகலனில் தீ அணைந்துவிடும். எரிவாயுவும் அப்படியே. அணு உலையில் கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் பிளவு வினை சில விநாடிகளில் நின்றுவிடும்; ஆனால் பிளவில் பிறந்த தனிமங்கள் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருப்பதால் வெப்பம் நிற்பதில்லை. நிறுத்திய உடன் அது முழு வெப்பத் திறனில் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது 3000 மெகாவாட் உலையில் 200 மெகாவாட்டை ஒட்டி இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை விழுக்காட்டுக்கு இறங்கும். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்கு இருக்கும். அந்த 15 மெகாவாட்டை நீரைக் கொதிக்கவைத்து மட்டும் வெளியேற்றுவது என்றால், மணிக்கு 24,000 லிட்டர் நீர் ஆவியாகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் மணிக்கு இரண்டு வீதம் இரவும் பகலும் வந்துகொண்டிருக்க வேண்டும். மண்சரிவால் மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலை அடைபட்ட ஓர் ஐப்பசி நாளில் இதைக் கற்பனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். உலையிலிருந்து எடுத்த எரிபொருளையும் ஆண்டுக்கணக்கில் நீர்த்தொட்டியில் வைத்துக் குளிர்வித்தாக வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே முறைப்படி நின்றுவிட்டன. ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களையும் கடல்நீர் பம்புகளையும் செயலிழக்கச் செய்தது. நின்றுபோன உலைகளின் மிச்ச வெப்பமே எரிபொருளை உருக்கியது. வேறெந்த மின்னுற்பத்தி முறைக்கும் இந்தச் சுமை இல்லை. காற்றாலை நின்றால் நின்றதுதான். சூரியத் தகடு வெயிலில் சூடானால் அதன் திறன் டிகிரிக்கு 0.4 விழுக்காடு அளவு குறையும், அவ்வளவுதான். தகட்டைக் கழுவுவதற்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

நியாயமாக, இதற்கு வந்துள்ள மாற்றத்தையும் சொல்ல வேண்டும். கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் மிச்ச வெப்பத்தை இயற்கைச் சுழற்சியாலேயே வெளிக்காற்றுக்கு அனுப்பும் ஏற்பாடு உலைக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் அமைந்திருக்கிறது. நின்ற உலையின் வெப்பத்தைக் காற்று ஏற்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. ஓடும் உலையின் 2000 மெகாவாட்டை அப்படி அனுப்ப முடியாது.

கைகாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கைகா மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் இருப்பது உண்மை. ஆனால் அது மலையுச்சியில் இல்லை, காளி ஆறு கடலுக்கு இறங்கிவரும் தாழ்ந்த பள்ளத்தாக்கில் கத்ரா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. அங்குள்ள உலைகள் நான்கும் 220 மெகாவாட் அளவுடையவை. மேலே சூப்பா என்ற மிகப் பெரிய அணை ஆற்றின் நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் சீராக விடுகிறது. நீலகிரியின் அணைகள் பல, ஆனால் சிறியவை. ஒவ்வொன்றின் நீருக்கும் கீழே ஏற்கெனவே உரிமைக்காரர்கள் இருக்கிறார்கள். கைகாவைவிடச் சுவையான எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் உள்ள பாலோ வெர்டே நிலையம். அருகில் ஆறும் இல்லை, கடலும் இல்லை; ஃபீனிக்ஸ் நகரப் பகுதியின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து மூன்று பெரிய உலைகளையும் குளிர்விக்கிறார்கள். இடம் குளிராக இருக்க வேண்டியதில்லை, நீர் தூயதாகக்கூட இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது நிச்சயமாக வர வேண்டும் என்பதை முதல் அணிக்கு விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைக்குப் போய்விட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் மாணவர்கள் முடிவு கட்ட வேண்டாம். கல்பாக்கத்தில் கடலுக்கடியில் போகும் சுரங்கத்தின் சுவரில் பச்சை மட்டிகள் அடர்ந்து வளர்வதைத் தடுக்கக் குளோரின் இட வேண்டியிருக்கிறது. சொறி மீன்கள் கூட்டமாக வந்து நீர்வழியின் சல்லடைகளை அடைக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தச் சுரங்கம் வழியாகவே பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்ஸ்டோன் நிலையத்தில், கடல்நீர் அனுமதித்த சூட்டைத் தாண்டியதால் ஓர் உலையை நிறுத்தினார்கள். ஆற்றை நம்பிய பிரான்சில் 2003லும் 2022லும் கோடை வெப்பத்தால் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது, ஏனெனில் ஏற்கெனவே சூடான ஆற்றில் மேலும் சூடான நீரை விட்டால் மீன்கள் சாகும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அந்த இழப்பு ஒரு விழுக்காட்டுக்கும் கீழேதான். ஆனால் மின்சாரம் மிகவும் தேவைப்படும் வெப்ப அலை நாட்களில் அது வருகிறது என்பதுதான் கவலை.

சிறிய உலைகள் வந்தால் மலைக்கும் பொருந்துமா என்று உங்கள் மாணவர்கள் அடுத்துக் கேட்கக்கூடும். 2025 மத்திய நிதிநிலை அறிக்கையில் சிறு உலைகளுக்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதிலிருந்து இந்தக் கேள்வி பரவலாக எழுகிறது. 220 மெகாவாட் உலைக்கும் 500 மெகாவாட்டுக்கு மேல் கழிவு வெப்பம் உண்டு. அளவு சிறுத்தாலும் விகிதம் மாறுவதில்லை. நிலச்சரிவு, உயிர்க்கோளக் காப்பகம் ஆகிய தடைகளை நான் இங்கே எடுக்கவில்லை. குளிர்விப்புக் கணக்கு ஒன்றே நீலகிரிக்கு எதிராகத்தான் நிற்கிறது.

என் கருத்தையும் கேட்டால், இரவும் பகலும் கரியமில வாயுவை வெளியிடாமல் ஓடக்கூடிய அணுமின்சாரம் நமக்கு வேண்டும் என்றே நினைக்கிறேன். அது கடலோரத்தில் இருக்கட்டும். மலைக்கு வேறு வேலை இருக்கிறது. 1932 முதல் பைக்காரா நீர் சிங்காராவுக்கு 900 மீட்டருக்கு மேல் விழுந்து மின்சாரம் தருகிறது. அந்த உயரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 450 லிட்டர் நீர் வேண்டும், அணுமின்சாரத்தின் இரண்டரை லிட்டரைவிட மிக அதிகம். ஆனால் அதில் ஒரு சொட்டும் ஆவியாக்கப்படாமல் கீழே போய்ச் சேருகிறது. போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் இடையிலான 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டமோ, மற்ற இடங்களில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கித் தருவதற்கானது. காற்றாலை, சூரியசக்தி, அணுமின்சாரம் மூன்றுக்குமே இத்தகைய சேமிப்பு துணை நிற்கும். இவ்வளவு உயரமும் இவ்வளவு நீரும் ஒருங்கே அமைந்த இடத்தில் அந்த நீரை ஆவியாக்குவது எனக்குப் பொறுக்காது.

விவாதத்துக்கு முன் ஒவ்வோர் அணியையும், தான் ஆதரிக்கும் மின்னுற்பத்தி முறை வெப்பத்தை எங்கே விடுகிறது, நிறுத்திய மறுநாள் அதற்கு என்ன தேவை, ஏப்ரல் மாதத்தில் அது எதை நம்பியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எண்களைத் திரட்டும்போது இரண்டு இடங்களில் மாணவர்கள் தடுக்கி விழக்கூடும். மெகாவாட் என்று இருந்தால் அது வெப்பமா மின்சாரமா என்று பார்க்க வேண்டும். கூடங்குள உலையை 3000 என்றும் 1000 என்றும் இருவிதமாக எழுதியிருப்பார்கள், இரண்டும் சரி. தண்ணீர் என்று இருந்தால் அது எடுத்துத் திருப்பி விடும் நீரா, ஆவியாகிப் போகும் நீரா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையே நூறு மடங்கு வேறுபாடு இருக்கலாம்.